நாலு மணி இருட்டு

டிசம்பர் மாதத்தில் இங்கே சூரியன் மூன்றரை மணிக்கே இறங்கிவிடும். நாலு மணிக்கு நல்ல இருட்டு. கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்தபோது இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் பின்னேரம் யன்னலால் பார்த்துவிட்டு, மழை வரப்போகிறது என்று பல்கனியில் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினேன். கணவர் சிரித்தார். மழையில்லை, பொழுதுபட்டுவிட்டது என்றார்.

பிள்ளைகள் பிறந்த பிறகு அந்த இருட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்போது இக்காஸ்ட் என்ற சின்ன நகரத்தில் இரண்டாம் மாடி வீடொன்றில் இருந்தோம். எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. மூன்று மணிக்கு முடியும். மகனைப் பாலர் பள்ளியிலும் மகளைப் பள்ளிக்கூடத்திலும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கணவர் ஹேர்னிங்கில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆறு மணிக்கு முதல் வரமாட்டார். இடையில் கிடைத்த அந்த இரண்டு மணித்தியாலமும் எங்கள் மூன்று பேருக்கும் சொந்தம்.

கூரை லைற்றைப் போடமாட்டோம். யன்னல் விளிம்பில் சின்ன மெழுகுதிரிகளை வரிசையாகக் கொளுத்தி வைப்போம். மகள் சுவரில் விரல்களால் முயல் செய்வாள், நாய் செய்வாள். மகன் ரோச் லைற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் சிவந்து ஒளிர்வதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். எச்சில் வடியும். டிசம்பர் பிறந்தால் நீளமான மெழுகுதிரி ஒன்று வாங்குவோம். அதில் மேலிருந்து கீழாக ஒன்று முதல் இருபத்துநாலு வரை இலக்கம் போட்டிருக்கும். நாளுக்கு ஓர் இலக்கம் உருகும் வரை எரியவிட்டு, பிறகு ஊதி நூர்க்க வேண்டும். இருபத்துநாலு முடிய நத்தார். ஊதுவது யார் என்று இரண்டு பேரும் அடிபடுவார்கள். ஒற்றை எண் மகளுக்கு, இரட்டை எண் மகனுக்கு என்று நான் பிரித்துக் கொடுத்திருந்தேன்.

நான் தமிழில் கேட்பேன், அவர்கள் டேனிஷில் பதில் சொல்வார்கள். அதைப் பற்றி அந்த நேரத்தில் எனக்குக் கவலை இருந்ததில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகளின் முகம் எந்த மொழியில் இருந்தாலும் வடிவாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை நானே ஒரு நாள் கெடுத்தேன். ஊரில் சண்டை முடிந்த வருடத்துக்கு முந்தின டிசம்பர் அது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து.

எனக்கு ஒரே ஒரு தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கு மிச்சம் அவள்தான். கிளிநொச்சியில் கலியாணம் கட்டி, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மகள் மூத்தது, மகன் இளையது. சமாதான காலத்தில் ஒருமுறை போய் அவளோடு மூன்று கிழமை நின்றோம். அப்போது என் மகளுக்கு நாலு வயது, அவளுடைய மகளுக்கு ஐந்து. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் சாப்பிட்டார்கள். திரும்பி வரும் நாளில் தங்கையின் மகள் என் மகளின் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டாள். செருப்பில்லாமல் எப்படிப் போவாள் என்று அவளுடைய கணக்கு.

சண்டை இறுகி, தங்கை குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே யாரிடமோ ஒரு சற்றலைற் போன் இருந்தது. சனம் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் கதைக்கும். நவம்பரில் ஒரு பின்னேரம் அவள் எடுத்தாள். எனக்கு இங்கே நாலு மணி. அங்கே இரவு எட்டரை.

“அக்கா, நாங்கள் விசுவமடுவிலை நிக்கிறம். பயப்பிடாதையுங்கோ.”

“சாப்பாடு கிடக்கோ?”

“கிடக்கு அக்கா. ஆனா பொழுதுபட முதலே சாப்பிட்டு முடிச்சிடுவம். பிறகு விளக்குக் கொளுத்தேலாது.”

“ஏன், மண்ணெண்ணெய் இல்லையோ?”

“மண்ணெண்ணெயும் இல்லைத்தான். இருந்தாலும் கொளுத்தேலாது. வெளிச்சத்தைக் கண்டா வண்டு வந்து சுத்தும். பிறகு செல் வரும். சின்னவன் இருட்டுக்குப் பயத்திலை என்ரை சட்டையைக் கடிச்சுக்கொண்டு கிடப்பான் அக்கா. கடிச்சுக் கடிச்சுக் கழுத்துப் பக்கமெல்லாம் கிழிஞ்சு போச்சு.”

வண்டு என்று அவள் சொன்னது ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கிற விமானத்தை, செல் என்றது பீரங்கிக் குண்டை. நான் போனைப் பிடித்தபடி யன்னலைப் பார்த்தேன். மகள் கொளுத்தி வைத்த ஆறு மெழுகுதிரியும் வீதிக்குத் தெரிய எரிந்துகொண்டிருந்தன. போனை வைத்ததும் எழுந்து போய் ஆறையும் ஊதி நூர்த்தேன். ஏன் என்று மகள் கேட்டாள். எனக்குத் தலையிடி என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொரு பின்னேரமும் தலையிடி. வெளிச்சத்தில் இருக்கக் கூச்சமாக இருந்தது. சோறு போட்டுச் சாப்பிடவும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளைப் பட்டினி போட முடியாது. லைற்றை மட்டும் என்னால் நிற்பாட்ட முடிந்தது. போகிற இடமெல்லாம் சுவிச்சை நூர்த்துக்கொண்டு போனேன். கணவர் வேலையால் வந்து சட்டை மாற்றாமலே கணினிக்கு முன்னால் குந்தி, எந்த ஊர் விழுந்தது, எங்கே செல் விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் அந்தத் திரையின் வெளிச்சம் மட்டும் ஓயாது.

இலக்க மெழுகுதிரியை மட்டும் பிள்ளைகளுக்காக விட்டுவைத்திருந்தேன். டிசம்பர் எட்டாம் இலக்கம் மகனுடையது. அன்று மத்தியானம் கணவர் வேலையிடத்தில் இருந்து எனக்குப் போன் எடுத்து, தங்கை நிற்கிற பக்கம் செல் விழுந்ததாம், ஆட்களின் பெயர் தெரியாது என்று சொன்னார். நான் முதியோர் இல்லத்துக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து, கால் ஏலாத ஒரு கிழவருக்குக் காலுறை போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் இலக்க மெழுகுதிரியைக் கொளுத்தினாள். எட்டு உருகி முடிந்தது. மகன் ஊதினான். ஊதிய கையோடு, ஒன்பதையும் எரிக்க வேண்டும், தானே ஊத வேண்டும் என்று கத்தத் தொடங்கினான். மகள் அவனைச் சமாதானப்படுத்தச் சின்ன மெழுகுதிரிகளை எல்லாம் எடுத்து யன்னல் நெடுகக் கொளுத்தினாள். அவன் கத்துவதை நிற்பாட்டவில்லை. “இன்னும் வேணும், இன்னும் வேணும்” என்று டேனிஷில் கத்தியபடி நிலத்தில் காலை உதைத்தான்.

நான் எழும்பினேன். எல்லா மெழுகுதிரியையும் நூர்த்தேன். யன்னல் சீலையை இழுத்து மூடி, கூடத்து லைற்றையும் குசினி லைற்றையும் நூர்த்து, நடைக் கதவையும் சாத்தினேன். இரண்டு பேரையும் கையில் பிடித்துச் சுவரோரம் நிலத்தில் இருத்தினேன்.

“சித்தியின்ரை பிள்ளையள் இப்ப எப்பிடி இருக்கினம் தெரியுமோ? இப்பிடித்தான் இருக்கினம். ஒவ்வொரு நாளும். இருந்து பாருங்கோ!”

எவ்வளவு நேரம் அவர்களை அப்படி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிடமாக இருக்கலாம், அரை மணித்தியாலமாகவும் இருக்கலாம். முதலில் மகன் பெரிதாக அழுதான். எழும்பப் பார்த்தவனைத் திரும்பவும் இருத்தினேன். பிறகு அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. மகள் டேனிஷில் மெதுவாகச் சொன்னாள்:

“அம்மா, லைற்றைப் போடுங்கள். அவன் நடுங்குகிறான்.”

நான் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து அவள் தமிழில் சொன்னாள். நான் கெஞ்சிக் கேட்டாலும் தமிழில் நாலு சொல் சேர்த்துச் சொல்லாத பிள்ளை.

“அம்மா, காணும். எங்களுக்கு விளங்கிட்டுது.”

லைற்றைப் போட்டேன். மகன் காற்சட்டையோடு மூத்திரம் பெய்திருந்தான். மகள் அந்த ஈரத்திலேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். அவன் தன் சுவெற்றரின் கையைப் பல்லால் கடித்து வைத்திருந்தான். தங்கையின் மகன் சட்டையைக் கடிக்கிற கதை அவனுக்குத் தெரியாது. நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேயில்லை.

கணவர் வந்தபோது நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா நடந்தது?”

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

“அதுகள் என்னப்பா செய்ததுகள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மகனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக அவர் அவனுக்கு ஏதோ கதை சொல்வது கேட்டது. அன்று அவர் கணினியைத் திறக்கவில்லை.

மகன் அதற்குப் பிறகு இருட்டான அறைக்குள் கால் வைக்க மறுத்தான். பகலில்கூடத் தனியே கழிப்பறைக்குப் போகமாட்டான். பாலர் பள்ளியில் மத்தியானம் சீலை மூடிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தபோது அலறியிருக்கிறான். ஒரு கிழமைக்குப் பிறகு, நான் அவனை ஏற்றப் போன இடத்தில் அவனுடைய ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். மகளும் என்னோடு நின்றாள்.

“வீட்டில் ஏதாவது நடந்ததா?” என்று ஆசிரியை கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

பிள்ளைகளைச் சரியாகப் பார்க்காவிட்டால் நகரசபை பிடித்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் ஆட்கள் கதைக்கிறது முழுக்க என் காதுக்குள் கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். ஆசிரியை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கள் வீட்டில் ஒரு நாள் மின்சாரம் நின்றுவிட்டது. அவன் பயந்துவிட்டான்” என்று மகள் சொன்னாள். கண்ணை இமைக்காமல் சொன்னாள்.

ஆசிரியை அவளுடைய தலையைத் தடவிவிட்டார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க மகள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

நத்தார் வந்தது, போனது. இலக்க மெழுகுதிரி ஒன்பதிலேயே நின்றது. இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை.

தை மாதம் கடுங்குளிர் பிடித்தது. மகள் பள்ளிக்கூடம் முடிய நிற்கிற இடத்தில் ஐஸ் விளக்குச் செய்யப் பழகிக்கொண்டு வந்தாள். என்னிடம் கேட்காமல் குசினி வாளியில் தண்ணீர் நிரப்பினாள். உள்ளே ஒரு சின்ன டப்பாவை வைத்து, அது மிதக்காதபடி கல்லுப் போட்டாள். மகன் வேலியில் பிடுங்கிக்கொண்டு வந்த சிவப்புப் பழங்களைத் தண்ணீருக்குள் போட்டான். வாளி பல்கனியில் ஒரு நாள் முழுக்க இருந்து உறைந்தது. அதைக் கவிழ்க்க அவளால் முடியவில்லை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் சுடுதண்ணீர் ஊற்றி வாளியைத் தட்டினேன். கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் பானை வழுகி வெளியே வந்தது. சின்ன டப்பா இருந்த குழிக்குள் மெழுகுதிரியை வைத்துக் கொளுத்தினாள். ஐஸ் முழுக்கப் பொன் நிறமானது. பழங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

மகன் உள்ளேயிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பல்கனி இருட்டு. “வா, நான் இருக்கிறேன்” என்றாள் மகள். அவன் முதலில் ஒரு காலை வைத்தான். பிறகு மற்றக் காலையும் வைத்தான். அவன் குந்தியிருந்து அந்த விளக்குக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனதைப் பார்த்தபோது, ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

“அக்கா, நான்தான். எல்லாரும் இருக்கிறம்.”

“எங்கை நிக்கிறாய் இப்ப?”

“பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. ஒரு வயல். தறப்பாள் ஒண்டு கட்டியிருக்கிறம். பங்கருக்குள்ளை தண்ணி வந்திட்டுது. பிள்ளையள் என்ன செய்யினம்?”

“வெளியிலை நிக்கினம்.”

“இருட்டுக்குள்ளையோ?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஒரு விளக்குச் செய்தவை. அதைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.” சொன்ன கையோடு நாக்கைக் கடித்தேன். ஆனால் தங்கை கோபிக்கவில்லை.

“என்ன விளக்கு அக்கா? சொல்லுங்கோ. இஞ்சை இவள் பக்கத்திலை நிண்டு பிடுங்கிறாள், கேக்க வேணுமாம்.”

அவளுடைய மகள் போனை வாங்கிவிட்டாள். “பெரியம்மா, தங்கச்சியிட்டைக் குடுங்கோ, கெதியா.”

நான் பல்கனிக்கு ஓடிப் போய், சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி அழுத்திவிட்டு மகளிடம் நீட்டினேன். மகள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு தமிழில் தட்டித் தடவிச் சொன்னாள்.

“நான்… ஒரு ஐஸ் விளக்குச் செய்தனான்.”

“ஐஸுக்குள்ளை நெருப்பு எப்பிடியடி எரியும்? உருகாதோ?”

“உருகும். ஆனா மெதுவா. வெளியிலை நிறையக் குளிர்.”

“பொய் சொல்லுறாய்.”

“இல்லை, உண்மை. உள்ளுக்குச் சிவப்புப் பழம் இருக்கு. சின்னன். சாப்பிடேலாது.”

“சாப்பிடேலாதெண்டா ஏன் போட்டனீ?”

மகள் சொல்லுக்குத் தேடினாள். நான் சொல்லிக் கொடுக்க வாயெடுக்க முதல் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“வடிவுக்கு.”

அங்கே அந்தப் பிள்ளை சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். “அம்மா, வடிவுக்காம்!” என்று பக்கத்தில் தாய்க்குச் சொல்வது கேட்டது. என் மகளும் சிரித்தாள். என்ன நடக்கிறது என்று விளங்காமலே மகனும் சிரித்தான். “படம் எடுத்து வையடி, நான் வரேக்கை…” என்றதோடு லைன் விழுந்துவிட்டது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் குரலைக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மாசியில் போன் வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. கணவர் கோப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலங்களுக்கெல்லாம் பஸ்ஸில் போய், தொண்டை கட்டித் திரும்பி வந்தார். கணினியில் வருகிற படங்களில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கித் தேடினோம். கிடக்கிற பெண்களின் சட்டையைப் பார்த்தேன். தங்கையிடம் என்ன நிறத்தில் சட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடத்துக்கு முதல் அவள் போட்டிருந்த சட்டைகளை நினைத்து வைத்துக்கொண்டு தேடினேன்.

நாட்கள் நீளத் தொடங்கின. இங்கத்தைய சனம் கோட்டைத் திறந்துவிட்டு, வீட்டு வாசலில் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் வேலையால் வந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, அறைக்குள் போய்ச் சீலையை மூடிப் படுத்துக்கொள்வேன். முன்பு போல இருங்கோ, விளையாடுங்கோ என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். சொன்னேனே தவிர, அவர்களோடு போய் இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த அறையில் மகள் தம்பிக்கு டேனிஷில் புத்தகம் வாசிப்பது கேட்கும். அந்தக் குரல் தாயின் குரல் மாதிரி இருந்தது. என்னுடைய குரல் அப்படியிருந்த காலம் போய்விட்டது.

மே மாதம் நாலாம் தேதி இந்த நாட்டில் சனம் யன்னலில் மெழுகுதிரி வைக்கும். முன்னொரு காலத்தில் ஜேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, இரவில் ஒரு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது என்று யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை போட வேண்டியிருந்ததாம். சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன பின்னேரம், எல்லோரும் அந்தச் சீலைகளைக் கிழித்தெறிந்துவிட்டு மெழுகுதிரி கொளுத்தினார்களாம். எத்தனையோ வருடமாக முதியோர் இல்லத்தில் அந்த நாளில் யன்னல்களுக்கு மெழுகுதிரி வைக்கிறது எங்கள் வேலை. அந்த வருடமும் வைத்தேன். அந்தக் கறுப்புச் சீலையைச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீதியில் போட்டு மிதித்தேன் என்று ஒரு கிழவி சிரித்துக்கொண்டு சொன்னார். நல்லது என்று நானும் சிரித்தேன்.

வீட்டில் இருட்டிவரும் நேரம் மகன் வந்து கேட்டான். அவனுக்கும் பாலர் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, சண்டை முடிந்துவிட்டதா? சித்தி இனி வருவாவா?”

“அது வேறு சண்டை. இவர்களுடைய பழைய சண்டை” என்று மகள் குறுக்கே சொன்னாள்.

“அப்படியென்றால் நாங்கள் வைக்கக்கூடாதா?”

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த டிசம்பருக்குப் பிறகு நெருப்புப் பெட்டியைத் தொட முதல் என் முகத்தைப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

“வையுங்கோ” என்றேன்.

ஆளுக்கொன்றாக இரண்டு வைத்தார்கள். எதிர்ப்பக்கத்து வீடுகளில் எல்லா யன்னலிலும் வெளிச்சம். கீழே நாயோடு நடந்துபோன ஒரு மனிதர் நின்று எங்கள் யன்னலை அண்ணாந்து பார்த்தார். சந்தோஷமாகக் கையை உயர்த்தினார். மகன் திருப்பிக் கைகாட்டினான். எங்களுடைய சண்டையும் முடிந்துவிட்டது மாதிரித்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். கணவர் கணினிக்கு முன்னால் இருந்தபடி, “இன்னும் கொஞ்ச நாள்தான் போலை” என்றார். எதற்குக் கொஞ்ச நாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் எங்கள் சண்டையும் முடிந்தது. அன்றைக்கு ஒன்பதரை மணிக்கும் பொழுது முழுதாகப் படவில்லை. பிள்ளைகளைப் படுக்க வைக்க யன்னலுக்குத் தடித்த துணி கட்டினேன். பிறகு குசினியில் கணவரும் நானும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அவர் அழுததை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கண்டேன்.

ஆடி மாதத்தில், வவுனியாவில் ஒரு முகாமிலிருந்து யாருடையதோ கைபேசியில் தங்கை கதைத்தாள்.

“அக்கா.”

நான் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் நான் முடிக்கும் மட்டும் பொறுத்திருந்தாள்.

“மூண்டு பேர் வந்து சேந்திட்டம் அக்கா.”

நாலு பேரில் யார் இல்லை என்று நான் கேட்க முதல் அவளே சொன்னாள்.

“சித்திரையிலை. கஞ்சிக்கு வரிசையிலை நிண்டவள். நான்தான் அனுப்பினனான். தம்பி பசியிலை அழுதவன் எண்டு நான்தான் பாத்திரத்தைக் குடுத்து அனுப்பினனான் அக்கா.”

அவள் அழவில்லை. கைபேசிக்கு உரியவர் கேட்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. பள்ளிக்கூட விடுமுறை. அவள் கட்டிலில் இருந்து தன் தலைமயிரைப் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து சொன்னேன். பின்னுகிற கை நின்றது.

“எப்போது?” டேனிஷில்தான் கேட்டாள்.

“சித்திரை மாதம்.”

அவள் சித்திரை எது என்று விரலில் எண்ணிப் பார்த்தாள். “அப்போது நான் நீச்சல் பழகப் போய்க்கொண்டிருந்தேன்” என்றாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து பின்னலை முடித்து, நுனியில் றப்பர் போட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். விறைத்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. நான் அழுதேன், அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. தங்கை இப்போது கணவனோடும் மகனோடும் வவுனியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். மழை, வெயில், சாமான் விலை. மூத்தவளின் பெயரை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஒருமுறை மட்டும், “கடைசியாச் சிரிச்சது உங்களோடை போனிலை கதைக்கேக்கைதான் அக்கா” என்றாள்.

மகனுக்கு அந்த எட்டாம் நாள் ஞாபகம் இல்லையாம். ஆனால் வளர்ந்து ஆளான பிறகும் லைற்றைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறான். மகள் படிக்கவென்று ஓகூஸ் நகரத்துக்குப் போனாள். ஒருநாள் அவளுடைய அறையைப் பார்க்கப் போன இடத்தில், அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, எத்தனையோ வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அம்மா அண்டைக்கு உங்களை இருட்டுக்குள்ளை இருத்தினது… உனக்கு ஞாபகம் கிடக்கோ?”

“ஓம்” என்றாள் தமிழில்.

“என்னாலை அதை…”

“வேண்டாம் அம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையை என் கையில் தந்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நேரத்தைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தோம். அவள் பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வந்து, என்னை ஏற்றிவிட்டுப் போனாள்.